நம் விசாரத்தை விசாரிக்கிறவர்: கவலையும் சமாதானமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும், திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் வட்டாரங்களிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சபை ஊழியம் செய்து ஓய்வுபெற்ற ஆயர் நான். கவலையைப் பற்றிய கேள்விகள் ஆலயத்துக்குள் அதிகம் கேட்கப்படுவதில்லை. அவை ஆஸ்பத்திரி வராந்தாவில், வீட்டுத் திண்ணையில், அடக்க ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும் வழியில் தாழ்ந்த குரலில் கேட்கப்படுகின்றன. அவற்றுள் திரும்பத் திரும்ப வந்தவற்றை மட்டும், கேட்டவர்களின் அடையாளம் தெரியாதபடி, இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். வசனங்கள் நம் சபைகளில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து தரப்பட்டுள்ளன.

“கவலைப்படாதிருங்கள்” என்று இயேசு சொல்லியிருக்கிறாரே, அப்படியிருக்கக் கவலைப்படுவது பாவமா?

கவலை வந்ததற்காக யாரும் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. இதை முதலில் சொல்லக் காரணம், கவலையோடு வருகிறவர்களில் பலர் ‘எனக்கு விசுவாசம் இல்லையோ’ என்ற இரண்டாவது கவலையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வருவதுதான். முதல் கவலையைவிட இந்த இரண்டாவது கவலை ஆளை அதிகமாக நசுக்கிவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் அந்த வார்த்தைகளைக் கேட்டவர்கள் யார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். கலிலேயாவின் மீனவர்களும், குத்தகை விவசாயிகளும், அன்றன்று கூலி கிடைத்தால்தான் அடுப்பெரியும் நிலையில் இருந்தவர்களும் அங்கே இருந்தார்கள். மதுரையில் விடியற்காலையில் கொத்தனார்களும் சித்தாள்களும் சாப்பாட்டுத் தூக்கோடு முச்சந்திகளில் நின்று, யாராவது வேலைக்குக் கூப்பிடுவார்களா என்று பார்த்திருப்பதைக் கண்டவர்களுக்கு அந்தக் கூட்டம் எப்படிப்பட்டது என்று விளங்கும். என்னத்தை உண்போம், என்னத்தை உடுப்போம் என்ற கேள்வி அவர்களுக்கு உண்மையான கேள்வி. அதை ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை. “இவைகளெல்லாம் உங்களுக்கு வேண்டியவைகள் என்று உங்கள் பரமபிதா அறிந்திருக்கிறார்” என்றே சொன்னார்.

அதே இடத்தில், “கவலைப்படுகிறதினாலே உங்களில் எவன் தன் சரீர அளவோடு ஒரு முழத்தைக் கூட்டுவான்?” என்றும் கேட்கிறார். மல்லிகைப் பூவை முழம் போட்டு வாங்குகிற ஊரில் இருக்கும் நமக்கு முழம் எவ்வளவு என்று விளக்க வேண்டியதில்லை. விரல் நுனியிலிருந்து முழங்கை வரை உள்ள அந்தச் சிறிய அளவைக்கூடக் கவலையால் கூட்ட முடியாது என்பது, ஏற்கெனவே களைத்துப் போனவனிடம், “நீ இவ்வளவு பாடுபட்டும் பயன் இல்லையே, கொஞ்சம் இறக்கி வை” என்று சொல்லும் தகப்பனின் பேச்சு. எனக்கு அது அப்படித்தான் கேட்கிறது.

சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தின இரவில், கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே, “என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது” என்று சொல்லி, நண்பர்களைத் தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டார். கலங்கிய மனத்தைப் பாவம் என்று சொன்னால், அந்த இரவை நம்மால் விளக்க முடியாது.

அப்படியானால் ‘ஒன்றுக்கும் கவலைப்படாமல்’ என்று அப்போஸ்தலனாகிய பவுல் சபைக்கு எழுதியதை எப்படிப் புரிந்துகொள்வது?

இந்தக் கேள்விக்குள் நான் சொல்ல விரும்பும் அனைத்தும் இருக்கிறது. ஆகையால் சற்று நின்று பார்ப்போம்.

பிலிப்பியர் 4:6-இல், “நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்” என்று எழுதிய அதே பவுல், 2 கொரிந்தியர் 11:28-இல், “எல்லாச் சபைகளைக்குறித்தும் உண்டாயிருக்கிற கவலை என்னை நாள்தோறும் நெருக்குகிறது” என்று தம்மைப் பற்றி ஒளிக்காமல் எழுதுகிறார். பிலிப்பியருக்கு எழுதிய அதே நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில் தீமோத்தேயுவைப் புகழும்போது, “உங்கள் காரியங்களை உண்மையாய் விசாரிக்கிறதற்கு” அவனைப்போல வேறொருவன் இல்லை என்கிறார். அங்கே ‘விசாரிக்கிறதற்கு’ என்று வரும் இடத்திலும், 4-ஆம் அதிகாரத்தில் ‘கவலைப்படாமல்’ என்று வரும் இடத்திலும் கிரேக்க மூலத்தில் இருப்பது ஒரே வினைச்சொல். ஓரிடத்தில் அது விடவேண்டியதாகவும், இன்னோரிடத்தில் பாராட்டத்தக்கதாகவும் வருகிறது.

நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் இங்கே ‘விசாரி’ என்ற சொல்லைத் தேர்ந்தது எனக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கிறது. தமிழில் ‘விசாரம்’ என்றால் மனக்கவலை. ‘விசாரித்தல்’ என்றால் ஒருவரைப் போய்ப் பார்த்து, நலம் கேட்டு, அவருக்கு வேண்டியதைக் கவனிப்பது. ‘ஒரு வார்த்தை விசாரிக்க நாதியில்லை’ என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் புலம்பும்போது, இரண்டுக்கும் உள்ள உறவு தெரிகிறது. விசாரிக்க ஆளில்லாத இடத்தில்தான் விசாரம் பெருகுகிறது.

1 பேதுரு 5:7 சொல்வது இதுவே: “அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்.” ‘கவலைப்படுவதை நிறுத்து’ என்ற கட்டளையோடு வசனம் நின்றுவிடவில்லை, ‘உன்னை விசாரிக்க ஒருவர் இருக்கிறார்’ என்ற செய்தியை அதற்குக் காரணமாகத் தருகிறது. ஆகவே விடவேண்டியது, தனியாக, யாரிடமும் சொல்லாமல், உள்ளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும் விசாரம். பிள்ளைக்காகவும், பெற்றோருக்காகவும், அடுத்த வீட்டுக்காரருக்காகவும் நாம் கொள்ளும் அக்கறையை வேதம் விடச் சொல்லவில்லை.

வேதம் சொல்லும் ‘சமாதானம்’ மன அமைதியா?

மன அமைதியும் அதற்குள் அடங்கும், ஆனால் அது சிறிய பகுதி. பழைய ஏற்பாட்டில் ‘ஷாலோம்’ என்ற எபிரெயச் சொல்லின் அடிப்பொருள் முழுமை, குறைவின்மை. வயல், வீடு, உடல், உறவு, தேவனோடுள்ள தொடர்பு எல்லாம் ஒழுங்காக இருக்கும் நிலையை அது குறிக்கும். கடன்காரரிடமிருந்து தப்பிக்கக் கைபேசியை அணைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு அமைதி இருக்கலாம், ஷாலோம் இல்லை.

பவுல் இன்னொரு படத்தையும் தருகிறார். “எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம் உங்கள் இருதயங்களையும் உங்கள் சிந்தைகளையும் கிறிஸ்து இயேசுவுக்குள்ளாகக் காத்துக்கொள்ளும்” என்ற வசனத்தில் ‘காத்துக்கொள்ளும்’ என்பது, கோட்டையில் நிறுத்தப்பட்ட காவற்படை காப்பதைச் சொல்லும் சொல். பிலிப்பி ரோமப் போர்வீரர்கள் குடியேறிய நகரம். அந்தச் சபையாருக்கு அது உடனே விளங்கியிருக்கும். மதுரைக்காரர்களுக்கும் விளங்க வேண்டும். நாம் நடக்கிற வெளி வீதிகள் ஒரு காலத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்த இடம். 1840-களை ஒட்டி, கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் சுவரை இடித்து அகழியைத் தூர்த்த பிறகு நகரம் வெளியே விரிந்தது. அந்தக் கோட்டை நின்ற நாட்களில் உள்ளே இருந்தவர்கள் எதிரியே இல்லாத உலகத்தில் வாழவில்லை. எதிரி வெளியே நிற்கும்போதே, உள்ளே அடுப்பெரிந்தது, நெசவு நடந்தது, பிள்ளைகள் உறங்கினார்கள். கவலைக்கான காரணம் வாசலில் நின்றுகொண்டிருக்கும்போதே உள்ளே பிழைப்பு நடக்கும்படி மனத்தைக் காப்பதுதான் பவுல் சொல்லும் சமாதானம். விலங்கிடப்பட்டுச் சிறையில் இருந்துகொண்டு அவர் அதை எழுதினார் என்பதையும் மறக்கக் கூடாது.

உருக்கமாக ஜெபித்தும் கவலை போகவில்லை. என் ஜெபத்தில் என்ன குறை?

குறை இருக்க வேண்டும் என்பதில்லை. சங்கீதம் 42-ஐ எழுதியவர், “என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?” என்று தன்னைத்தானே கேட்கிறார், தேவனை நோக்கிக் காத்திருக்கச் சொல்லி ஆத்துமாவைத் தேற்றுகிறார், சில வசனங்கள் கழித்து அதே கேள்வி மறுபடியும் வருகிறது, அடுத்த சங்கீதத்தின் முடிவிலும் வருகிறது. சங்கீதம் 88 இருளிலேயே முடிகிறது. இவற்றை ஜெபப் புத்தகத்திலிருந்து யாரும் நீக்கிவிடவில்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம்மில் பலர் ஜெபத்தில் கவலையைப் பொதுப்படையாகச் சொல்லிவிடுகிறோம்: ‘ஆண்டவரே, என் பாரங்களை நீக்கும்’ என்று. பவுலோ, “எல்லாவற்றையுங்குறித்து உங்கள் விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபத்தினாலும் வேண்டுதலினாலும் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்” என்கிறார். விண்ணப்பம் என்றால் பெயர், தொகை, தேதி, காரணம் எல்லாம் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது தாலுகா அலுவலகத்துக்குப் போய்வந்த யாருக்கும் தெரியும். வியாழக்கிழமை கட்ட வேண்டிய தவணை எவ்வளவு, ஸ்கேன் முடிவில் எந்த வார்த்தை பயமுறுத்தியது, மருமகள் சொன்ன எந்தச் சொல் தைத்தது என்று அப்படியே சொல்லுங்கள். அவருக்குத் தெரியாததைத் தெரிவிப்பதற்காக நாம் இதைச் செய்வதில்லை; சொல்லச் சொல்ல, மூட்டையாகக் கிடந்த பயம் தனித்தனிப் பொருள்களாகப் பிரிகிறது. ‘ஸ்தோத்திரத்தோடே’ என்பதையும் விட்டுவிடாதீர்கள். நேற்று எப்படி நடத்தப்பட்டோம் என்பதை நினைவுகூராத மனம் நாளையைத் தனியாகவே சந்திக்கப் போகிறது.

இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்து, அதன்பின் தூக்கமே வருவதில்லை. என்ன செய்யலாம்?

படுக்குமுன் ஒரு தாளில், மனத்தில் ஓடுகிறவற்றை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில், நாளை உங்கள் கையால் ஆகக்கூடியது ஏதாவது இருந்தால் அதை எழுதுங்கள். இல்லாதவற்றின் எதிரில் எதையும் எழுதாமல், தாளை வேதாகமத்துக்குள் வைத்து மூடிவிடுங்கள். கைபேசியை அடுத்த அறையில் வையுங்கள். விழிப்பு வந்தால் சங்கீதம் 4-இன் கடைசி வசனத்தை மெதுவாக, மூச்சோடு சேர்த்துச் சொல்லுங்கள்: “சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன், கர்த்தாவே, நீர் ஒருவரே என்னைச் சுகமாய்த் தங்கப்பண்ணுகிறீர்.” உடனே தூக்கம் வரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். விழித்திருக்கும் நேரம் வேறுவிதமாக இருக்கும்.

கடன் தொல்லைக்கும் விசுவாசத்துக்கும் என்ன தொடர்பு? ஜெபித்தால் கடன் தீருமா?

2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தில், கடன்கொடுத்தவன் தன் இரண்டு குமாரரையும் அடிமைகளாகப் பிடித்துக்கொண்டுபோக வந்திருக்கிறான் என்று ஒரு விதவை எலிசா தீர்க்கதரிசியிடம் கதறுகிறாள். அவர் கேட்ட கேள்வி: “வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது?” அதன்பிறகே அற்புதம். அற்புதம் முடிந்ததும், எண்ணெயை விற்றுக் கடனைத் தீர்த்து, மீந்ததைக்கொண்டு பிழைக்கும்படி சொல்கிறார். அவள் தன் நிலைமையை ஒருவரிடம் வெளிப்படையாகச் சொன்னாள், வீட்டில் இருப்பதைக் கணக்குப் பார்த்தாள், அயலாரிடம் பாத்திரம் கேட்டு வாங்கினாள். கடனில் மூழ்கியவர்கள் செய்யக் கூசும் மூன்று காரியங்கள் இவை.

ஆகவே முதலில் மனைவியிடமோ கணவரிடமோ முழுத் தொகையைச் சொல்லுங்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு குழுவில் கடன் வாங்குவதை நிறுத்துங்கள். கந்துவட்டிக்காரர் மிரட்டினால் அதைச் சிலுவையாக நினைத்துச் சுமக்க வேண்டியதில்லை. அதீத வட்டி வசூலிப்பதைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. சட்டத்தை நாடுவதால் விசுவாசம் குறைந்துவிடாது. பவுலும் தம் ரோமக் குடியுரிமையைச் சொல்லிச் சவுக்கடிக்குத் தப்பினார்.

பிள்ளையின் பிளஸ் டூ, நீட் மதிப்பெண்ணை நினைத்துத் தூங்க முடியவில்லை.

உங்கள் கவலை பிள்ளைக்குக் கேட்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தேர்வுக்காக அவன் தலையில் கைவைத்து ஜெபிக்கும்போது, மதிப்பெண் எதுவானாலும் இந்த வீட்டில் அவன் இடம் மாறாது என்பதையும் அந்த ஜெபத்திலேயே, அவன் காதில் விழும்படி சொல்லுங்கள்.

மனநல மருத்துவரிடம் போவதும் மாத்திரை சாப்பிடுவதும் விசுவாசக் குறைவா?

இல்லவே இல்லை. இந்தக் கேள்விக்குத் தவறான பதில் சொல்லப்பட்டதால் இழப்புக்குள்ளான குடும்பங்களை அறிவேன். ஊழியத்தின் தொடக்கத்தில் நானும், ஒரு வாலிபனின் தாயிடம் ‘இன்னும் ஜெபிப்போம், அம்மா’ என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவனை மருத்துவரிடம் கொண்டுசேர்க்க மேலும் பல மாதங்கள் ஆயின; அந்த மாதங்களில் அவன் பட்ட பாட்டில் எனக்கும் பங்கு உண்டு. இன்றுவரை அது என் மனத்தில் இருக்கிறது.

1 இராஜாக்கள் 19-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கர்மேல் மலையில் பெரிய வெற்றி கண்ட எலியா தீர்க்கதரிசி, சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்” என்கிறார். தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை. தூதன் தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்தான். எலியா சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். இரண்டாம் தரமும் எழுப்பி, “எழுந்திருந்து போஜனம்பண்ணு; நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்” என்றான். உறக்கம், ஆகாரம், மறுபடியும் உறக்கம், மறுபடியும் ஆகாரம், பிறகு நாற்பது நாள் நடை. அதன்பிறகே ஓரேப் மலையில், தேவன் பேசிய அந்த அமர்ந்த மெல்லிய சத்தம். உடலைத் தாண்டி ஆத்துமாவுக்குப் போகக் குறுக்குவழி எதையும் தேவன் தேடவில்லை. தூதன் கொடுத்த அடையை வாங்கிச் சாப்பிடுவதுபோல மருத்துவர் கொடுக்கும் மாத்திரையை வாங்கிச் சாப்பிடலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், நெஞ்சு படபடப்பு அடிக்கடி வந்தால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால் மருத்துவரைப் பாருங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. வாழ்வதே வீண் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்: அரசின் இலவச மனநல ஆலோசனை எண் 14416-ஐ இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம், 104-ஐயும் அழைக்கலாம். மாத்திரை தொடங்கியபின், ஏதோ ஒரு கூட்டத்தில் ‘சுகமாகிவிட்டீர்கள்’ என்று யாரோ அறிவித்ததை நம்பி, மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.

கவலை தீரப் பொருத்தனை (நேர்த்திக்கடன்) செய்யலாமா? பலமடங்காகத் திரும்பி வரும் என்று சொல்லி ‘விதைக்கும் காணிக்கை’ அனுப்பச் சொல்கிறார்களே?

நன்றியாகப் படைப்பது வேறு, விலையாகக் கொடுப்பது வேறு. பொருத்தனைகளைச் செலுத்துவேன் என்று சங்கீதக்காரன் சொல்வது, விடுதலை பெற்ற மகிழ்ச்சியில். சமாதானத்தை விலைக்கு விற்கிறவர்களிடம் கொடுக்க ஏசாயா 55-இன் முதல் வசனம் போதும்: “பணமுமின்றி விலையுமின்றி”. தேவனுடைய வரத்தைப் பணத்தினாலே பெறலாம் என்று நினைத்த சீமோனுக்குப் பேதுரு சொன்ன கடுமையான பதில் அப்போஸ்தலர் 8-இல் இருக்கிறது. நகையை அடகு வைத்துக் காணிக்கை அனுப்ப ஒருவர் உங்களைத் தூண்டினால், அவர் உங்கள் கவலையை விசாரிக்க வந்தவர் அல்லர்.

நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறக்கவில்லை. நானும் இப்படி ஜெபிக்கலாமா?

தாராளமாக. “வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே, நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள்” என்ற அழைப்பில் ‘எல்லாரும்’ என்றே இருக்கிறது.

இழப்புக்குப் பின் வரும் துக்கமும் கவலையும் ஒன்றா? எத்தனை நாளில் தேற வேண்டும்?

கவலை வரப்போவதைக் குறித்தது. துக்கம் போய்விட்டதைக் குறித்தது. துக்கத்தைக் கவலையைப்போல நடத்தி, ‘அழாதீர்கள், அவர் பரலோகத்தில் இருக்கிறார்’ என்று வாயை அடைப்பது தவறு. மரித்துப்போன நண்பன் லாசருவை எழுப்பப் போகிறோம் என்று அறிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டார்.

கீழவெளி வீதியில் உள்ள கத்தோலிக்கப் பேராலயம் வியாகுல அன்னையின் பெயரால் அமைந்தது. வேறு சபை மரபில் வளர்ந்த நான், மகனை இழந்த தாயின் பெயரை ஒரு நகரத்தின் தலைமை ஆலயத்துக்கு வைத்திருப்பதை நினைத்து அந்த வழியே போகும்போதெல்லாம் நெகிழ்ந்திருக்கிறேன். சிலுவையினருகே நின்ற மரியாளுக்கு அந்த வேளையில் யாரும் விளக்கம் சொல்லவில்லை. இயேசு, ‘அதோ, உன் தாய்’ என்று சீஷனிடம் அவளை ஒப்புவித்தார், அவன் அவளைத் தன்னிடமாய் ஏற்றுக்கொண்டான். துக்கத்திலிருப்பவருக்கு நாட்கணக்கு கேட்காதீர்கள். பதினாறாம் நாளோடு உறவினர் கூட்டம் கலைந்தபின், நாற்பதாம் நாளிலும் நூறாம் நாளிலும் போய் உட்காருங்கள்.

தொலைக்காட்சியிலும் யூடியூபிலும் நல்ல செய்திகள் கேட்கிறேன். ஆலயத்துக்குப் போகத்தான் வேண்டுமா?

செய்தி கேட்பதற்கு மட்டும் என்றால் அவசியமில்லை என்று வாதிடலாம். ஆனால் திரையில் பேசுகிறவர், மூன்று வாரமாக உங்கள் இருக்கை காலியாக இருப்பதைக் கவனிக்க மாட்டார். பழைய நாட்களில் ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள மக்களையும் ஊர்களையும் ‘விசாரணை’ என்றும், அவரை ‘விசாரணைக் குரு’ என்றும் அழைத்தார்கள். இன்று அந்தச் சொல் அருகிவிட்டது. எனக்கு அது வருத்தம்தான். சபை என்பது ஒருவரையொருவர் விசாரிக்கும் இடம் என்பதை அந்தச் சொல் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது. உங்கள் சபையில் உங்களை யாரும் விசாரிப்பதில்லை என்றால், அந்தக் குறை உண்மையானது; ஆயரிடம் அதைச் சொல்லுங்கள். அதோடு, இந்த வாரம் வராமற்போன ஒருவரின் வீட்டுக்கு நீங்களே போய்ப் பாருங்கள். என் அனுபவத்தில், பிறர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நம் சொந்தப் பாரத்தில் கொஞ்சம் அங்கே இறங்கிவிடுகிறது.

ஜெபிக்க உட்கார்ந்தால் ஒரு வார்த்தையும் வரவில்லை. அப்போது என்ன செய்வது?

சும்மா உட்கார்ந்திருங்கள். ரோமர் 8:26-இல், எதை வேண்டிக்கொள்வதென்று நாம் அறியாதிருக்கும்போது, “ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல்செய்கிறார்” என்று எழுதியிருக்கிறது.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, மூன்று நாளாகத் தரையில் ஒரு விரிப்பின்மேல் உட்கார்ந்திருந்த ஒரு தாயாரிடம், ‘ஜெபிக்கலாமா, அம்மா?’ என்று ஒருமுறை கேட்டேன். ‘ஐயா, எனக்குப் பெருமூச்சுதான் வருது’ என்றார்கள். நான் அந்த வசனத்தைச் சொன்னேன். ‘அப்ப அவரும் என்னோடகூடப் பெருமூச்சு விடுறாரா?’ என்று கேட்டுவிட்டு, நகர்ந்து, விரிப்பில் எனக்கும் இடம் கொடுத்தார்கள். கதவு திறந்து பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.